2024இல் டைவிங்கும் மற்ற நீர் விளையாட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 முழுக்க நீர் விளையாட்டுகளைத் தொடர்ந்து பார்த்தவன் என்பதால் வீட்டிலும் நண்பர்களிடமும் இந்தக் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன, அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். டைவிங்குக்குத்தான் இதில் அதிக இடம். பாரிஸ் ஒலிம்பிக் டைவிங் என்றால் "எட்டுக்கு எட்டு சீனா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், அந்த எட்டுக்குள் என்னென்ன நடந்தது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

2024இல் என்னென்ன போட்டிகள் நடந்தன?

பிப்ரவரி 2 முதல் 18 வரை கத்தாரின் தோஹாவில் உலக நீர் விளையாட்டு சாம்பியன்ஷிப். அது முடிந்த கையோடு டைவிங் உலகக் கோப்பைச் சுற்றுகள்: கனடாவின் மாண்ட்ரியால், ஜெர்மனியின் பெர்லின், ஏப்ரலில் சீனாவின் சியான் நகரில் இறுதி. ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் 11 வரை பாரிஸ் ஒலிம்பிக். டிசம்பரில் ஹங்கேரியின் புடாபெஸ்டில், 25 மீட்டர் குளத்தில் உலக நீச்சல் சாம்பியன்ஷிப்.

ஒலிம்பிக் வருஷத்திலேயே உலக சாம்பியன்ஷிப்பும் எப்படி வந்தது? அதுவும் பிப்ரவரியில்?

கொரோனா செய்த வேலை. உலக சாம்பியன்ஷிப் வழக்கமாக ஒற்றைப்படை ஆண்டுகளில், ஜூலை ஆகஸ்ட் வாக்கில் நடக்கும். ஜப்பானின் ஃபுகுவோகா 2021இல் நடத்தியிருக்க வேண்டியது. டோக்கியோ ஒலிம்பிக்கே 2021க்குத் தள்ளிப்போனதால் இது 2022க்குப் போய், அங்கிருந்து 2023க்கும் போனது. நடுவில் ஒரு வருஷம் காலியாகப் போய்விடக் கூடாது என்று 2022இல் புடாபெஸ்டில் அவசரமாக ஒன்றை நடத்தினார்கள். 2023 கடைசியில் நடக்க வேண்டிய தோஹா 2024 பிப்ரவரிக்கு நகர்ந்தது. ஆக 2022 ஜூனுக்கும் 2024 ஆகஸ்டுக்கும் இடையில் மூன்று உலக சாம்பியன்ஷிப், ஓர் ஒலிம்பிக். வீரர்களின் முதுகும் மணிக்கட்டும் என்ன பாடுபட்டிருக்கும் என்று அட்டவணை போட்டவர்கள் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

பெரிய நட்சத்திரங்கள் தோஹாவுக்கு வரவில்லை என்றார்களே?

நீச்சலில் அது உண்மை. கேட்டி லெடெக்கி, லியோன் மார்ஷான், சம்மர் மெக்கின்டாஷ் மூவருமே போகவில்லை, பாரிஸுக்காகப் பயிற்சியிலேயே இருந்துவிட்டார்கள். டைவிங் கதை வேறு. இருவர் சேர்ந்து பாயும் ஜோடிப் பிரிவுகளில் ஒலிம்பிக்கில் எட்டு ஜோடிகளுக்குத்தான் இடம். போட்டியை நடத்தும் பிரான்ஸுக்கு ஒன்று, 2023 ஃபுகுவோகாவில் முதல் மூன்று இடம் பிடித்த நாடுகளுக்கு மூன்று, மிச்சமிருந்த நான்கும் தோஹாவில்தான் முடிவானது. தனிநபர் பிரிவுகளிலும் தோஹாவில் இறுதிக்குள் வந்தால் நாட்டுக்கு ஓர் இடம் உறுதி. அதனால் டைவிங்கைப் பொறுத்தவரை தோஹாவை ஒப்புக்கு நடந்த போட்டி என்று சொல்ல முடியாது, பலருக்கு அங்கே பாய்ந்த பாய்ச்சல்தான் பாரிஸ் டிக்கெட்.

ஒலிம்பிக் டைவிங்கில் எத்தனை பிரிவுகள்?

எட்டு. 3 மீட்டர் உயரத்தில் வளைந்து தூக்கிப் போடும் ஸ்பிரிங்போர்டு, 10 மீட்டர் உயரத்தில் அசையாத பிளாட்பார்ம். இரண்டிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, தனிநபர் ஒன்று, ஜோடி ஒன்று. ஆண்களுக்கு ஆறு பாய்ச்சல், பெண்களுக்கு ஐந்து. உலக சாம்பியன்ஷிப்பில் 1 மீட்டர் பலகை, ஆண் பெண் கலப்பு ஜோடி, அணிப் போட்டி என்று இன்னும் ஐந்து சேர்ந்து பதின்மூன்று ஆகும்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்? பார்க்கும்போது ஒன்றுமே புரியவில்லை.

இது புரிந்துவிட்டால் பாதி சுவாரஸ்யம் வந்துவிடும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தனிநபர் போட்டியில் ஏழு நடுவர்கள். ஒவ்வொருவரும் 0 முதல் 10 வரை, அரை அரையாக மதிப்பெண் தருவார்கள். அதில் மிக அதிகமான இரண்டையும் மிகக் குறைவான இரண்டையும் தூக்கிவிட்டு நடுவில் உள்ள மூன்றை மட்டும் கூட்டுவார்கள். ஒரு நடுவர் தன் நாட்டுக்காரருக்கு அள்ளிக் கொடுத்தாலும் அது கணக்கில் வராமல் போக வாய்ப்பு அதிகம். அந்தக் கூட்டலை, பாய்ச்சல் எவ்வளவு கடினமானது என்பதற்கு முன்கூட்டியே நிர்ணயித்த எண்ணால் பெருக்குவார்கள்.

ஓர் உதாரணம். ஆகஸ்ட் 6 அன்று பெண்கள் 10 மீட்டர் இறுதியில் சீனாவின் குவான் ஹோங்சான் முதல் பாய்ச்சலிலேயே ஏழு நடுவர்களிடமும் பத்துக்குப் பத்து வாங்கினார். மூன்று பத்து முப்பது, கடின எண் 3.0, ஆக 90 புள்ளி. அந்தப் பாய்ச்சலில் அதற்கு மேல் ஒரு புள்ளிகூட யாராலும் எடுக்க முடியாது.

ஜோடிப் போட்டிக்கு பதினொரு நடுவர்கள். மூன்று பேர் ஒருவரை மட்டும் பார்ப்பார்கள், மூன்று பேர் இன்னொருவரை, மீதி ஐந்து பேர் இருவரும் ஒன்றுபோல இருக்கிறார்களா என்று மட்டும் பார்ப்பார்கள். ஒவ்வொரு குழுவிலும் மேலே ஒன்று கீழே ஒன்று நீக்கினால் ஐந்து மதிப்பெண் மிஞ்சும், அதைக் கூட்டிக் கடின எண்ணால் பெருக்கி மறுபடி 0.6ஆல் பெருக்குவார்கள். கடைசிப் பெருக்கல் எதற்கு என்றால், ஐந்து மதிப்பெண்ணை மூன்று மதிப்பெண் அளவுக்குக் கொண்டுவந்து தனிநபர் போட்டியோடு ஒத்துப்போகச் செய்யத்தான்.

திரையில் 107 பி, 5253 பி என்று வருகிறதே, அது என்ன?

பாய்ச்சலின் விலாசம் அது. முதல் எண் எந்த வகை என்று சொல்லும்: 1 முன்னோக்கி, 2 பின்னோக்கி, 3 முன்னே பார்த்து நின்று பின்பக்கமாகச் சுழல்வது, 4 பின்னே திரும்பி நின்று பலகை பக்கமாகச் சுழல்வது, 5 உடம்பைத் திருகுவது, 6 கைகளில் தலைகீழாக நின்று கிளம்புவது. சாதாரணப் பாய்ச்சலில் மூன்றாவது எண் அரைக் குட்டிக்கரணங்களின் எண்ணிக்கை. 107 என்றால் முன்னோக்கி ஏழு அரை, அதாவது மூன்றரைக் குட்டிக்கரணம். 5253 என்றால் திருகும் வகை, பின்னோக்கி, இரண்டரைக் குட்டிக்கரணம், கடைசி 3 என்பது ஒன்றரைத் திருகல்.

எழுத்து உடம்பின் வடிவத்தைச் சொல்கிறது. ஏ என்றால் நேராக, பி என்றால் முழங்காலை மடக்காமல் இடுப்பில் மட்டும் மடங்கி, சி என்றால் முழங்காலைக் கட்டிக்கொண்டு பந்தாக, டி என்றால் எப்படியும். அதே குட்டிக்கரணத்தை சி வடிவத்தில் செய்வது சுலபம், பி வடிவத்தில் செய்தால் கடின எண் கூடும். உடம்பு எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு வேகமாகச் சுழலும் என்பதுதான் காரணம்.

சீனா எட்டுத் தங்கமும் வென்றது இதுதான் முதல் தடவையா?

ஆமாம், எட்டுப் பிரிவுகள் வந்த பிறகு எந்த நாடும் முழுசாக அள்ளியது இதுவே முதல் தடவை. ஆனால் அதற்கு முன்பு எத்தனை தடவை கை நழுவியது என்று பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். 2008 பெய்ஜிங், சொந்த ஊர், ஏழு தங்கம் வாங்கியாகிவிட்டது, கடைசிப் பிரிவான ஆண்கள் 10 மீட்டரில் கடைசிப் பாய்ச்சலில் ஆஸ்திரேலியாவின் மேத்யூ மிச்சம் வந்து தட்டிப் பறித்தார். 2016 ரியோவில் 3 மீட்டர் ஜோடியில் பிரிட்டனின் ஜாக் லாஃபர், கிறிஸ் மியர்ஸ். டோக்கியோவில் 10 மீட்டர் ஜோடியில் பிரிட்டனின் டாம் டேலி, மேட்டி லீ. மூன்று ஒலிம்பிக்கில் ஏழு, ஏழு, ஏழு.

அப்படியென்றால் பாரிஸில் சுலபமாக வென்றுவிட்டார்களா?

சில பிரிவுகளில் ஆமாம். ஆண்கள் 10 மீட்டர் ஜோடியில் லியான் ஜுன்ஜியேயும் யாங் ஹாவும் 490.35 எடுத்தார்கள், இரண்டாவது வந்த டேலி, நோவா வில்லியம்ஸ் ஜோடிக்கு 463.44. பெண்கள் 10 மீட்டர் ஜோடியில் இடைவெளி 43 புள்ளிக்கு மேல்.

ஆனால் ஆகஸ்ட் 2 அன்று நடந்த ஆண்கள் 3 மீட்டர் ஜோடியைப் பாருங்கள். சீனாவின் லோங் தாவ்யி, வாங் சோங்யுவான் 446.10. மெக்சிகோவின் ஒஸ்மார் ஒல்வேரா, ஹுவான் செலாயா 444.03. வித்தியாசம் 2.07 புள்ளிதான். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கடின எண் 3.5 உள்ள ஒரு பாய்ச்சலில், கணக்கில் சேரும் மதிப்பெண்களில் இரண்டு மட்டும் அரை அரை கூடியிருந்தால் 2.10 வந்திருக்கும். ஆறு பாய்ச்சல் முடிந்த பிறகு, இரண்டு நடுவர்களின் அரை மதிப்பெண்ணில் "எட்டுக்கு எட்டு" தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது வந்த பிரிட்டன் ஜோடியும் எட்டுப் புள்ளிக்குள்தான். இந்தப் போட்டியைப் பார்த்த யாரும் சீனா சும்மா வந்து வாங்கிப் போனது என்று சொல்ல மாட்டார்கள்.

குவான் ஹோங்சானைப் பற்றியே பேசுகிறார்கள். சென் யூசி யார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. குவான் குவாங்டோங் மாகாணத்தின் ஜான்ஜியாங் பகுதியைச் சேர்ந்த கிராமத்துப் பெண், டோக்கியோவில் 14 வயதில் 466.20 புள்ளியோடு தங்கம் வென்றதும் உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டார். அன்று வெள்ளி வாங்கியவர் சென் யூசி. அதற்கப்புறம் நடந்ததைப் பலர் கவனிக்கவில்லை: 2022 உலக சாம்பியன்ஷிப்பில் சென் யூசி தங்கம், குவானுக்கும் அவருக்கும் 0.30 புள்ளி வித்தியாசம். 2023இலும் சென் யூசியே. தனிநபர் 10 மீட்டரில் குவானுக்கு முதல் உலகப் பட்டம் 2024 தோஹாவில்தான் கிடைத்தது.

பாரிஸில் இருவரும் சேர்ந்து ஜோடித் தங்கம் வாங்கிய ஆறாவது நாள் தனிநபர் இறுதியில் மோதினார்கள். குவான் 425.60, சென் 420.70. மூன்றாவது வந்த வடகொரியாவின் கிம் மி-ரே 372.10. அதாவது வெள்ளி வாங்கிய சென், வெண்கலத்தைவிட 48 புள்ளிக்கு மேல் முன்னால் இருந்தார். உலகில் மற்ற எல்லோரையும் இவ்வளவு தூரம் விட்டுவிட்டு வந்தும், ஜோடியாகக் கூடவே பாயும் தோழி ஒருத்திக்குப் பின்னால் இரண்டு ஒலிம்பிக்கிலும் வெள்ளி. குவானின் திறமையில் ஒரு துளியும் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் சென் யூசியின் பெயரும் அதே மூச்சில் சொல்லப்பட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சீனா மட்டும் ஏன் இப்படி?

உடல்வாகு, ரகசிய மருந்து என்றெல்லாம் சொல்பவர்கள் பயிற்சியைப் பார்த்ததில்லை. ஆறேழு வயதில் மாகாண விளையாட்டுப் பள்ளிகளில் சேர்த்துவிடுகிறார்கள். தண்ணீரில் பாய்வதைவிடத் தரையில்தான் அதிக நேரம்: டிராம்போலின், பஞ்சுக் குழி, இடுப்பில் கயிறு கட்டித் தூக்கி ஒரே குட்டிக்கரணத்தைத் திரும்பத் திரும்ப. அணியை நடத்திவந்த ஜோ ஜிஹோங்தான் 1984இல் சீனாவுக்கு டைவிங்கில் முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். குவானுக்குப் பயிற்சி கொடுத்த சென் ருவோலின் ஐந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். ஒரு தலைமுறை கற்றது அப்படியே அடுத்த தலைமுறையின் கைக்குப் போகிறது. ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் இரண்டு பேர்தான் என்பதால், ஒலிம்பிக்குக்கு வருவதைவிடத் தங்கள் நாட்டு அணிக்குள் வருவதுதான் அவர்களுக்குக் கஷ்டம்.

சின்ன வயதிலேயே குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வளர்க்கும் அந்த முறையில் எனக்குச் சங்கடம் உண்டு. அதைச் சொல்லாமல் புகழ மட்டும் செய்வது சரியாக இருக்காது.

சீனர்கள் அல்லாத யாரைப் பார்த்திருக்க வேண்டும்?

ஜப்பானின் ரிக்குடோ தமாய். 17 வயது, ஆண்கள் 10 மீட்டரில் 507.65 எடுத்து வெள்ளி. ஜப்பான் ஒலிம்பிக் டைவிங்கில் வாங்கிய முதல் பதக்கம் இதுதான். அன்று தங்கம் ட்சாவ் யுவானுக்கு, 547.50, 2012, 2016, 2020, 2024 நான்கு ஒலிம்பிக்கிலும் தங்கம் வைத்திருப்பவர் அவர்.

வடகொரியாவின் கிம் மி-ரே, ஜோ ஜின்-மி. அந்த நாடு ரியோவுக்குப் பிறகு கோடைக்கால ஒலிம்பிக் பக்கமே வரவில்லை, திரும்பி வந்ததும் ஜோடியில் வெள்ளி, டைவிங்கில் அவர்களுக்கு முதல் பதக்கம்.

டாம் டேலி. 14 வயதில் பெய்ஜிங்கில் தொடங்கி இது ஐந்தாவது ஒலிம்பிக். நடுவில் ஒதுங்கியிருந்தவர், மகன் கேட்டதால் திரும்பி வந்து, 30 வயதில் வெள்ளி வாங்கி ஓய்வு பெற்றார். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பவரும் அவர்தான்.

ஒல்வேராவைத் தனியாகச் சொல்ல வேண்டும். தோஹாவில் 1 மீட்டர் தங்கம், பாரிஸில் ஜோடி வெள்ளி, தனிநபர் 3 மீட்டரில் சியே சியி, வாங் சோங்யுவான் இருவருக்கும் பின்னால் வெண்கலம். மெக்சிகோவில் நீர் விளையாட்டுச் சங்கத்துக்கும் அரசுக்கும் நடந்த சண்டையில் வீரர்களின் உதவித்தொகை நின்றுபோய், அந்த நாட்டின் கலைநய நீச்சல் (இசைக்கேற்ப நீரில் ஆடுவது) பெண்கள் 2023இல் நீச்சல் உடை விற்றுப் போட்டிக்குப் போன காலம் அது. அந்தச் சூழலில் வந்த பதக்கங்கள் இவை.

பாயும்போது தவறிவிட்டால் என்ன ஆகும்?

பூஜ்யம் வரை போகும். அமெரிக்காவின் அலிசன் கிப்சன் பெண்கள் 3 மீட்டர் தகுதிச் சுற்றில் முதல் பாய்ச்சலிலேயே கால் பலகையில் பலமாக அடித்துவிட்டது. நடுவர்கள் அந்தப் பாய்ச்சல் செல்லாது என்று பூஜ்யம் போட்டார்கள். போட்டி அங்கேயே முடிந்த மாதிரிதான், இறுதிக்கு இனி வழியில்லை. கட்டுப்போட்டுக்கொண்டு வந்து மீதி நான்கு பாய்ச்சலையும் செய்து முடித்தார், கடைசி இடம். அந்த நான்கு பாய்ச்சலுக்கும் அரங்கமே கைதட்டியது.

ஜோடியில் ஒருவர் தவறினால் இருவருக்கும் போய்விடும். பெண்கள் 3 மீட்டர் ஜோடியில் பதக்க இடத்தில் இருந்த ஆஸ்திரேலியாவின் மேடிசன் கீனி, அனபெல் ஸ்மித் கடைசிப் பாய்ச்சலுக்கு வந்தார்கள். ஸ்மித்துக்குப் பலகையில் கால் சரியாக அமையவில்லை, ஒரு கணம்தான், ஐந்தாம் இடத்துக்கு இறங்கிவிட்டார்கள். கீனி அதன் பிறகு தனிநபர் 3 மீட்டரில் வெள்ளி வாங்கினார், தங்கம் சீனாவின் சென் யிவெனுக்கு.

தண்ணீர் தெறிக்காமல் எப்படி உள்ளே போகிறார்கள்?

விரல் நுனி முதலில் போகிறது என்று நினைப்போம், அப்படி இல்லை. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்து, உள்ளங்கையைத் தட்டையாகத் தண்ணீரைப் பார்த்துத் திருப்பி, அதால் அடிக்கிறார்கள். அந்த அடியில் திறக்கும் குழிக்குள் உடம்பு முழுக்க நுழைந்துவிடும். உள்ளே போனதும் கைகளைப் பக்கவாட்டில் விரித்து, உடம்பை ஒரு பக்கமாகச் சுருட்டிவிட்டால் மேலே எழும்ப வேண்டிய தண்ணீரும் கீழே இழுபடும். 10 மீட்டரில் இருந்து விழும்போது வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர், காற்றில் இருப்பது ஒன்றரை விநாடிக்குச் சற்று மேல். மணிக்கட்டிலும் தோளிலும் கட்டுப்போட்டுக்கொண்டு வருவது இதனால்தான்.

குளத்தின்மேல் தண்ணீர் பீய்ச்சுவது ஏன்? ஒவ்வொரு தடவையும் குளிப்பது ஏன்? அந்தக் குட்டித் துண்டு?

அசையாத தண்ணீர் மேலிருந்து கண்ணாடி மாதிரித் தெரியும், மேல்மட்டம் எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் சலசலப்பு உண்டாக்குகிறார்கள். வெந்நீர்க் குளியல் தசை இறுகாமல் இருக்க. துண்டு, சுழலும்போது காலைப் பிடிக்கும் கை ஈரத்தில் வழுக்காமல் இருக்க. அதைச் சட்டென்று பிழிந்து மறுபடி பயன்படுத்தலாம்.

ஹை டைவிங் ஒலிம்பிக்கில் உண்டா?

இல்லை. உலக சாம்பியன்ஷிப்பில் உண்டு: ஆண்களுக்கு 27 மீட்டர், பெண்களுக்கு 20 மீட்டர். 27 மீட்டரில் இருந்து வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும் என்பதால் காலைக் கீழே வைத்துத்தான் தண்ணீருக்குள் போவார்கள். தோஹாவில் பழைய துறைமுகத்தில் மேடை கட்டி நடத்தினார்கள். ஆண்களில் பிரிட்டனின் ஏடன் ஹெஸ்லாப், பெண்களில் ஆஸ்திரேலியாவின் ரியானன் இஃப்லாண்ட். இஃப்லாண்டுக்கு இது நான்காவது உலகப் பட்டம்.

நீச்சலில் பாரிஸின் நாயகன் யார்?

பிரான்ஸின் லியோன் மார்ஷான், சந்தேகமே இல்லை. 400 மீட்டர் மெட்லி (நான்கு நீச்சல் வகையும் சேர்ந்தது), 200 பட்டர்ஃபிளை, 200 பிரெஸ்ட் ஸ்ட்ரோக், 200 மெட்லி, நான்கு தனிநபர் தங்கம், நான்கும் ஒலிம்பிக் சாதனை. ஜூலை 31 இரவு இரண்டு மணி நேரத்துக்குள் பட்டர்ஃபிளையிலும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் தங்கம். இந்த இரண்டு வகையும் உடம்பிடம் கேட்பது முற்றிலும் வேறு, ஒரே ஒலிம்பிக்கில் இரண்டிலும் தனிநபர் தங்கம் வாங்கியவர் அவருக்கு முன் யாரும் இல்லை.

அடுத்து சீனாவின் பான் ஜான்லே. பிப்ரவரியில் தோஹாவில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 46.80 என்று உலக சாதனை, பாரிஸில் அதையே 46.40 ஆக்கினார். 4×100 மெட்லி ரிலேயில் கடைசி ஆளாக இறங்கி 45.92இல் முடித்து, 1960 முதல் தான் கலந்துகொண்ட எல்லா ஒலிம்பிக்கிலும் அந்தப் பிரிவில் தோற்காத அமெரிக்க ஆண்களை வீழ்த்தினார்.

பெண்களில் கனடாவின் சம்மர் மெக்கின்டாஷ், 17 வயதில் மூன்று தங்கம். கேட்டி லெடெக்கி 800 மீட்டரை நான்காவது ஒலிம்பிக்காகத் தொடர்ந்து வென்று மொத்தம் 9 தங்கத்தை எட்டினார்.

சீன நீச்சல் வீரர்கள் மீது ஊக்கமருந்துப் புகார் வந்ததே?

வந்தது. 2021 தொடக்கத்தில் 23 சீன நீச்சல் வீரர்களின் பரிசோதனையில் டிரைமெட்டாசிடின் என்ற இதய மருந்து இருந்ததும், உணவில் கலந்துவிட்டது என்ற விளக்கத்தை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஏற்றுக்கொண்டதும் 2024 ஏப்ரலில்தான் செய்தியாக வெளியே வந்தது. அவர்களில் 11 பேர் பாரிஸ் அணியில் இருந்தார்கள். தனியாக நியமிக்கப்பட்ட ஒரு வழக்கறிஞர், அந்த அமைப்பு பாரபட்சம் காட்டவில்லை என்று அறிக்கை கொடுத்தார். என் கருத்து: தவறு நிரூபணம் ஆகாதவரைக் குற்றவாளி என்று சொல்லக் கூடாது, அதே சமயம் மூன்று வருஷம் வெளியே சொல்லாமல் வைத்திருந்ததால்தான் சந்தேகம் வளர்ந்தது. நீச்சல் வீரர்கள் மீதான இந்தப் புகாரை டைவிங் வீரர்கள் தலையில் ஏற்றுவது எந்த வகையிலும் நியாயம் இல்லை.

சேன் ஆற்றில் நீந்தினார்களே, அது என்ன கதை?

1923 முதல் குளிக்கத் தடை இருந்த ஆறு. சுமார் 1.4 பில்லியன் யூரோ செலவில் சுத்தப்படுத்தினார்கள். மழைக் காலத்தில் சாக்கடை பொங்கி ஆற்றில் கலக்காமல் இருக்க, பெரும் நிலத்தடித் தொட்டி ஒன்றும் கட்டினார்கள். தொடக்க விழா அன்றே கொட்டித் தீர்த்தது மழை. தண்ணீரில் கிருமி அளவு ஏறி, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஆண்கள் டிரையத்லான் ஒரு நாள் தள்ளிப்போனது, பயிற்சி நேரங்கள் ரத்தாயின. ஆகஸ்ட் 8, 9 தேதிகளில் 10 கிலோமீட்டர் நீச்சல் நடந்தேவிட்டது. நெதர்லாந்தின் ஷாரன் வான் ரோவெண்டால், ஹங்கேரியின் கிறிஸ்டோஃப் ரசோவ்ஸ்கி தங்கம். எதிர்நீச்சல் போடும் பக்கத்தில் இழுப்பு பலமாக இருந்ததால் எல்லோரும் கரைச்சுவரை ஒட்டியே வரிசையாகப் போனார்கள்.

கலைநய நீச்சலில் ரஷ்யா எங்கே?

போர் காரணமாக இல்லை. 2000 முதல் டோக்கியோ வரை எல்லாத் தங்கமும் அவர்களுடையது. பாரிஸில் அணியிலும் ஜோடியிலும் சீனா தங்கம், ஜோடியில் வென்றது வாங் லியுயி, வாங் சியான்யி என்ற இரட்டையர். வெண்கலம் வாங்கிய நெதர்லாந்து சகோதரிகளும் இரட்டையர். அமெரிக்க அணி 2004க்குப் பிறகு முதல் பதக்கமாக வெள்ளி வாங்கியது. முதல் தடவையாக ஆண்களையும் சேர்க்கலாம் என்று விதி வந்தும் ஒரு நாடுகூட ஓர் ஆணையும் எடுக்கவில்லை, அது எனக்கு ஏமாற்றம்.

வாட்டர் போலோ?

ஆண்களில் செர்பியா, குரோஷியாவை 13-11 என வென்று தொடர்ந்து மூன்றாவது தங்கம். பெண்களில் ஸ்பெயின், ஆஸ்திரேலியாவை 11-9 என வென்றது. மூன்று ஒலிம்பிக்காகத் தங்கம் வைத்திருந்த அமெரிக்கப் பெண்களுக்கு வெண்கலம்கூட இல்லை.

இந்தியா?

டைவிங்கில் யாரும் இல்லை. நீச்சலில் இருவர், இருவரும் பெங்களூரு: ஆண்கள் 100 மீட்டர் பேக் ஸ்ட்ரோக்கில் ஸ்ரீஹரி நடராஜ், பெண்கள் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 14 வயது தினிதி தேசிங்கு, இந்தியக் குழுவிலேயே இளையவர். தகுதி நேரத்தை யாரும் எட்டாத நாடுகளுக்குக் கொடுக்கும் சிறப்பு இடத்தில் போனவர்கள், முதல் சுற்றோடு திரும்பினார்கள். இதற்காக அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்வது எனக்குப் பிடிக்காது. சென்னை வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய வளாகத்தில் டைவிங் குளமே இருக்கிறது. குளம் மட்டும் போதாது, மேலே சொன்ன பஞ்சுக் குழியும் கயிறும் டிராம்போலினும், தினமும் பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளரும் வேண்டும். அதற்குச் செலவழிக்காமல் பதக்கம் ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது.

டிசம்பர் புடாபெஸ்ட் போட்டி முக்கியமா?

அமெரிக்காவின் கிரெச்சன் வால்ஷுக்காக முக்கியம். ஏழு தங்கம், கிட்டத்தட்ட நீருக்குள் இறங்கும்போதெல்லாம் ஓர் உலக சாதனை.

சீனாவின் "எட்டுக்கு எட்டு" அதற்கப்புறம் தொடர்ந்ததா?

2025 உலக சாம்பியன்ஷிப் சிங்கப்பூரில் நடந்தது, தென்கிழக்கு ஆசியாவில் முதல் தடவை. குவான் காயத்தால் வரவில்லை. பெண்கள் 10 மீட்டர் தங்கம் சென் யூசிக்கு. ஆண்கள் 10 மீட்டரில் ஆஸ்திரேலியாவின் கேசியல் ரூசோ வென்றார். ஆண்கள் 3 மீட்டரில், சீனாவின் இரண்டு பேரையும் பின்னால் தள்ளித் தங்கம் வாங்கியவர் ஒஸ்மார் ஒல்வேரா.